பல்கலைக்கழக வாசலில் எமது பிள்ளைகள்: 1942 முதல் இன்று வரை



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள். உயர்தரம் எழுதிய பிள்ளை வீட்டில் இருந்தால் கட்டாயம் வாசியுங்கள்.

பெறுபேறு வெளியாகும் நாளில் எமது ஊர்ப் பக்கங்கள் எல்லாம் வாழ்த்துச் செய்திகளால் நிறைந்துவிடும். மூன்று 'ஏ' எடுத்த பிள்ளையின் பெயர், பாடசாலையின் பெயர், வாப்பாவின் பெயர், மூத்தவாப்பாவின் பெயர் வரைக்கும் போட்டு வாழ்த்துவோம். நல்ல பழக்கம்தான். ஆனால் அதற்குப் பிறகு வரும் வாரங்களில் நடக்கிற வேலையை யாரும் கவனிப்பதில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வாங்க வேண்டும். எந்தப் பாடநெறிக்குத் தகுதி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எதை முதலாவதாக, எதை இரண்டாவதாகப் போடுவது என்று ஒழுங்குபடுத்த வேண்டும். திகதி முடிய முதல் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு வருடம் ராப்பகலாகப் படித்த படிப்பு, கடைசியில் இந்த ஒரு படிவத்தில் வந்து நிற்கிறது.

சில வருடங்களுக்கு முன்னர் எங்களிடம் படித்த ஒரு மாணவி. உயிரியல் பிரிவு. வாப்பா தோணியில் போய் வலை வீசுகிறவர். பிள்ளைக்கு சித்த மருத்துவம் படிக்க ஆசை. அதற்குப் போதுமான இஸட் புள்ளியும் இருந்தது. ஒரு கொம்யூனிகேஷன் கடையில் கொடுத்து விண்ணப்பத்தை நிரப்பினார்கள். கடைத் தம்பி, "பக்கத்தில இருக்கிறத முதல்ல போடுவம், தூரத்தில இருக்கிறத பிறகு போடுவம்" என்று ஒழுங்குபடுத்திவிட்டார். உம்மாவுக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. முதலாவதாகப் போட்ட உயிரியல் விஞ்ஞானப் பாடநெறிக்குப் பிள்ளை தெரிவாகிவிட்டாள். ஐந்தாவதாகப் போட்ட சித்த மருத்துவத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏனென்றால் விதி அதுதான். உங்கள் பட்டியலில் மேலிருந்து கீழே வருவார்கள். நீங்கள் தகுதி பெறுகிற முதலாவது இடத்தில் நிறுத்திவிடுவார்கள். அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் அது கணக்கில் இல்லை.

அந்தத் தம்பியில் கோபப்பட்டு என்ன பயன்? அவர் தெரிந்ததைச் செய்தார். எங்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம் என்று நாங்கள் சொன்னபோது அந்த வாப்பா கேட்டார்: "கேக்கணும் எண்டு எங்களுக்கு ஆரு சேர் சொன்ன?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த வரலாற்றைத் தேடி வாசிக்கத் தொடங்கினோம். எமது பகுதியில் இருந்து பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனது எப்படி, போகாமல் விட்டது எப்படி? வாசிக்க வாசிக்க ஒரு விடயம் தெளிவானது. விதி காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. ஒவ்வொரு தடவை மாறும்போதும், விதி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்த பிள்ளை உள்ளே போனது. இல்லாத பிள்ளை வெளியே நின்றது.

ஆங்கிலம் இருந்த இடத்தில் இருந்த கதவு

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942ல் ஆரம்பமானது. அதற்கு முன்னர் 1921ல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரிதான் கொழும்பில் இருந்தது. இவற்றுக்குள் போக ஆங்கிலம் வேண்டும். மட்டக்களப்பில் ஆங்கிலம் எங்கே இருந்தது? 1814ல் மெதடிஸ்த மிஷனரிமார் வந்திறங்கிய காலத்தில் தொடங்கிய பாடசாலை, பிறகு புனித மிக்கேல் கல்லூரி, இப்படிப் பட்டணத்தில் மிஷனரிமாரின் கையில் இருந்தது. மார்க்கம் போய்விடும் என்ற பயத்தில் எமது முன்னோர் பலர் பிள்ளைகளை அங்கே அனுப்பவில்லை. அந்தப் பயத்தை இன்று நின்று கொண்டு பரிகசிக்க நாங்கள் விரும்பவில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. குர்ஆன் மத்ரஸாவும் வயலும் வாவியும் வியாபாரமும் தெரிந்த ஒரு தலைமுறைக்குப் பல்கலைக்கழகம் என்றால் என்னவென்று தெரியாமல் போனது.

அந்தப் பயம் எமக்கு மட்டும் இருந்ததும் இல்லை. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1929ல் கல்லடியில் சிவானந்தா வித்தியாலயத்தைத் திறந்ததற்குப் பின்னாலும், சொந்தச் சமயத்தை விடாமல் நவீன கல்வி பெற ஓர் இடம் வேண்டும் என்ற அதே தேவை இருந்தது. 1943ல் அவரே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். வாவிக் கரையில் இருந்து ஒருவர் அந்த இடத்துக்குப் போக முடியும் என்று காட்டியவர் அவர்.

கல்முனைக்கு வந்த அஸீஸ்

எமது கதையில் திருப்பம் 1942ல் வருகிறது. இரண்டாம் உலகப் போர் நடக்கிறது. நாட்டில் அரிசித் தட்டுப்பாடு. உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காகக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக ஏ.எம்.ஏ. அஸீஸ் அனுப்பப்படுகிறார். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, யாழ் இந்துக் கல்லூரியில் படித்து, 1935ல் இலங்கை சிவில் சேவைக்குள் நுழைந்த முதலாவது முஸ்லிம் அவர்.

வந்தது நெல்லுக்காக. ஆனால் அவர் கண்ணில் பட்டது பிள்ளைகள். கெட்டித்தனமான பிள்ளைகள் இருக்கிறார்கள், மேலே படிக்க வழியில்லை. அதே 1942ல் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் உருவானது. அந்தக் காலத்தில்தான் விபுலானந்த அடிகளோடு அவருக்கு நெருக்கம் ஏற்பட்டது. ஒரு துறவியும் ஒரு முஸ்லிம் அதிகாரியும் வாவிக் கரையில் அமர்ந்து கல்வியைப் பற்றிப் பேசிய காலம் அது. இன்றைய இளம் ஆட்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

கல்முனையில் கண்ட இந்தத் தேவைதான் 1945ல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக விரிந்தது. அதே 1945ல் கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வியும் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கட்டணத்தை அரசாங்கம் நீக்கியது. ஆனால் கட்டணம் இல்லை என்பதால் மட்டும் ஒரு விவசாயியின் மகன் கொழும்புக்குப் போய்விட முடியாது. பயணச் செலவு, தங்கும் செலவு, புத்தகம், எல்லாவற்றுக்கும் மேலாக "நீ போகலாம், உனக்குத் தகுதி இருக்கு" என்று சொல்ல ஒருவர். அந்த இடைவெளியை நிரப்பியதுதான் அந்த நிதி. பிறகு அஸீஸ் சிவில் சேவையையே விட்டுவிட்டு 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராவின் அதிபராக இருந்தார். பெரிய உத்தியோகத்தை விட்டுப் பாடசாலைக்கு வந்த மனிதர். ஆசிரியர்களாகிய எங்களுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது.

250உம் 227உம்

1960களில் தாய்மொழியில் படித்த பிள்ளைகள் பெருந்தொகையாகப் பல்கலைக்கழகம் போகத் தொடங்கினார்கள். போட்டி கூடியது. இடம் கூடவில்லை. அங்கேதான் பிரச்சினை தொடங்கியது.

1970ல் புதிய அரசாங்கம் வந்ததும் மொழிக்கு ஒரு வெட்டுப்புள்ளி என்று வைத்தார்கள். அப்போது நான்கு பாடங்கள், மொத்தம் 400 புள்ளிகள். பொறியியல் பீடத்துக்குத் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250, சிங்கள மொழிமூல மாணவருக்கு 227. ஒரே பரீட்சை, ஒரே பீடம், 23 புள்ளி வித்தியாசம்.

இதைத் தமிழ் மக்களுக்கு நடந்த அநியாயம் என்று மட்டும் நாங்கள் படித்திருக்கிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் எமது பிள்ளைகள் எந்த மொழியில் பரீட்சை எழுதினார்கள்? தமிழில். அந்த 250 எமக்கும்தான் 250. இனத்தின் பெயர் பார்க்காமல் மொழியைப் பார்த்துப் போட்ட சுவர், தமிழ் பேசிய எல்லோருக்கும் முன்னால் நின்றது.

1973ல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. 1974ல் அதோடு மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. மாவட்டத்தின் சனத்தொகைக்கு ஏற்ப இடங்களைப் பிரித்தார்கள். 1975ல் முழுவதுமே மாவட்ட அடிப்படை. 1976ல் 70 வீதம் புள்ளி அடிப்படை, 30 வீதம் மாவட்ட அடிப்படை என்று மாற்றினார்கள். ஆறு வருடத்தில் எத்தனை மாற்றம் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பிள்ளை பத்தாம் வகுப்பில் படிக்கும்போது இருந்த விதி, அது பரீட்சை எழுதும்போது இருக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு உண்மையை நேர்மையாகப் பேச வேண்டும். மாவட்ட ஒதுக்கீட்டால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய இழப்பு ஏற்பட்டது. நல்ல புள்ளி எடுத்த பிள்ளை வீட்டில் இருந்தது. அந்த ஆத்திரம் எங்கே போய் முடிந்தது என்பதை முப்பது வருட யுத்தத்தில் எல்லோரும் கண்டோம். அதே ஒதுக்கீட்டால் பின்தங்கிய மாவட்டங்களுக்கு, கண்டிப் பகுதிக் கிராமத்துச் சிங்களப் பிள்ளைகளுக்கு, கிழக்கின் தமிழ்ப் பிள்ளைகளுக்கு, முஸ்லிம் பிள்ளைகளுக்கு வழி திறந்தது. விஞ்ஞான ஆய்வுகூடமே இல்லாத பாடசாலையில் படித்த பிள்ளை, ஆய்வுகூடமும் நூலகமும் சிறந்த ஆசிரியர்களும் உள்ள பாடசாலைப் பிள்ளையோடு ஒரே கோட்டில் ஓட முடியாது என்பதும் நியாயம்தான்.

எமது ஊர்களின் முதலாவது டொக்டர்மார், எஞ்சினியர்மார் பலர் இந்த வழியால் போனவர்கள். எமக்கு நன்மை செய்த விதி, இன்னொரு வீட்டில் அழுகையாக இருந்தது. இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்துக் கொள்வது கஷ்டம். ஆனால் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லும்போது ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பது ஆசிரியருக்கு அழகல்ல. இது எமது நாட்டுக்கு மட்டும் உரிய வாதமும் அல்ல. தமிழ்நாட்டில் 2020ல்தான் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 வீதம் ஒதுக்கினார்கள். நகரத்துப் பிள்ளைக்கும் கிராமத்துப் பிள்ளைக்கும் நடுவே எப்படி நீதி செய்வது என்ற அதே கேள்விதான்.

1978ம் ஆண்டின் 16ம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் மானியங்கள் ஆணைக்குழு வந்தது. மொழிவாரித் தரப்படுத்தல் போய்விட்டது. மாவட்ட ஒதுக்கீடு வேறு வடிவத்தில் நின்றது. இன்று பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகம். மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை மூன்றும் அந்த 16க்குள் இருக்கின்றன.

இன்னொரு விடயம். கல்முனையும் சம்மாந்துறையும் 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான் இருந்தன. அந்த வருடம் அம்பாறை தனி மாவட்டமானது. வாவி ஏறாவூர்ப் பக்கம் இருந்து கல்முனைப் பக்கம் வரைக்கும் ஒரே தண்ணீர்தான். ஆனால் பல்கலைக்கழகக் கணக்கில் இரண்டு மாவட்டம், இரண்டு வெட்டுப்புள்ளி.

பக்கத்தில் வந்த பல்கலைக்கழகமும் 1990உம்

1981 ஆகஸ்டில் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயக் கட்டிடங்களில் மட்டக்களப்பு பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பமானது. 1986 ஒக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது. ஏறாவூரில் இருந்து சைக்கிளில் போய்விடலாம். பல்கலைக்கழகம் என்றால் பேராதனை, கொழும்பு என்று இருந்த காலம் மாறியது. அதே 1981ல் மஹாபொல நிதியமும் வந்தது. பெண் பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பத் தயங்கிய வாப்பாமாருக்கு வீட்டுப் பக்கத்திலேயே ஒரு வாசல்.

அது நீடிக்கவில்லை. 1990 ஆகஸ்ட் 3ம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுது கொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் ஏறாவூர். செப்டம்பர் 5ம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாக இருந்த தமிழர்களில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் இராணுவத்தால் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பி வரவே இல்லை. படிக்கிற இடம் காணாமல் போனவர்களின் இடமானது. அந்த ஒரு மாத காலத்தில் இரண்டு சமூகத்தின் வீடுகளிலும் ஜனாஸாவும் சவமும். எமது பிள்ளைகளுக்கு வந்தாறுமூலை பக்கத்தில் இருந்தும் போக முடியாத இடமாயிற்று.

அந்த நிலையில்தான் 1995 ஒக்டோபரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி அட்டாளைச்சேனையில் தொடங்கியது. 1996ல் அது முழுப் பல்கலைக்கழகமாகி ஒலுவிலில் நிலைபெற்றது. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் முயற்சி அதில் பெரியது. இன்று ஒலுவிலில் சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். வந்தாறுமூலையில் எமது பிள்ளைகள் படிக்கிறார்கள். மட்டக்களப்பில் மருத்துவ பீடமும் வந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ். பயத்தால் பிரிந்த வாசல்கள் படிப்பால் மெல்ல மெல்லத் திறந்திருக்கின்றன.

இஸட் புள்ளி என்றால் என்ன?

2000ம் ஆண்டில் நான்கு பாடம் மூன்று பாடமானது. அதையடுத்து இஸட் புள்ளி வந்தது. இன்னும் பல பெற்றோருக்கு இது விளங்காத சங்கதி. சுருக்கமாகச் சொல்கிறோம்.

ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியில் இருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் பிரிப்பது. உதாரணத்துக்கு, ஒரு பாடத்தில் நாடு முழுக்கச் சராசரி 40, நியம விலகல் 15 என்று வைப்போம். பிள்ளை 70 எடுத்தால் இஸட் புள்ளி 2. இன்னொரு பாடத்தில் சராசரி 60, நியம விலகல் 10. அங்கே 75 எடுத்தாலும் இஸட் புள்ளி 1.5தான். 75ஐ விட 70 பெரிதாகிவிட்டது. ஏனென்றால் கஷ்டமான பாடத்தில் மற்றவர்களை விட எவ்வளவு மேலே நிற்கிறீர்கள் என்பதைத்தான் இது பார்க்கிறது. மூன்று பாடத்தினதும் சராசரிதான் உங்கள் இஸட் புள்ளி. அதனால்தான் மூன்று 'ஏ' எடுத்த பிள்ளைக்குக் கிடைக்காத இடம் சில வேளை இரண்டு 'ஏ' ஒரு 'பி' எடுத்த பிள்ளைக்குக் கிடைக்கிறது. யாரும் களவு செய்யவில்லை.

ஆனால் கணக்கும் பிழைக்கும். 2011ல் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் எழுதியவர்களை ஒன்றாகக் கலந்து இஸட் புள்ளி கணித்தார்கள். மாணவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2012 ஜூனில் நீதிமன்றம் அந்தக் கணிப்பை ரத்துச் செய்து, இரண்டு தொகுதியையும் தனித்தனியாகக் கணிக்கும்படி உத்தரவிட்டது. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் சூத்திரத்தை விளங்கிக் கேள்வி கேட்டதால் ஒரு நாட்டின் பெறுபேறு திருத்தப்பட்டது. விதியைத் தெரிந்து வைத்திருப்பதன் பலன் இதுதான்.

இன்றைய பிள்ளைகளுக்கு

ஒவ்வொரு வருடமும் தகுதி பெறுகிற பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தில் இடம். அந்த இடத்தைப் படிவத்தில் இழப்பது பெரிய அநியாயம். எங்கள் அனுபவத்தில் திரும்பத் திரும்பக் காண்கிற பிழைகளைச் சொல்கிறோம்.

முதலாவது, தெரிவு ஒழுங்கு. பிள்ளை உண்மையில் விரும்புவதை முதலில் போடுங்கள். அதற்குப் புள்ளி போதாது என்று நினைத்தாலும் போடுங்கள். மேலே போட்டது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள், அதனால் எந்த நட்டமும் இல்லை. ஆனால் விரும்பாததை மேலே போட்டால் அது கிடைத்துவிடும். கடந்த வருட வெட்டுப்புள்ளி ஒரு வழிகாட்டி மட்டும்தான். இந்த வருடம் அது ஏறலாம், இறங்கலாம்.

இரண்டாவது, மாவட்டம். எங்கே வீடு இருக்கிறது என்பதை விட, பரீட்சைக்கு முந்திய ஐந்து வருடத்தில் குறைந்தது மூன்று வருடம் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தார் என்பதே முக்கியமாகப் பார்க்கப்படுகிறது. எங்கள் ஊர் மகன் ஒருவரை ஒன்பதாம் வகுப்பிலேயே கொழும்புப் பாடசாலைக்கு அனுப்பினார்கள். அங்கே ரியூசன் நல்லம் என்று. பிள்ளை கொழும்பு மாவட்டக் கணக்கில் போட்டியிட்டு, விரும்பிய பாடநெறியைக் கொஞ்சத்தில் தவறவிட்டது. இங்கே படித்து அதே புள்ளி எடுத்திருந்தால் போயிருக்கும். அனுப்ப வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தெரிந்து கொண்டு அனுப்புங்கள்.

மூன்றாவது, உளச்சார்புப் பரீட்சை. சில பாடநெறிகளுக்கு உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது. கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் பாடநெறிகள், கட்டிடக்கலை போன்றவை அப்படி. அதற்கான அறிவித்தல் வந்ததும் தனியாக விண்ணப்பித்துப் போய் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் புள்ளி எவ்வளவு இருந்தும் பயனில்லை.

நான்காவது, பொதுச் சாதாரணப் பரீட்சை. "அது சும்மா பேப்பர்" என்று பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். அதில் 30 புள்ளி இல்லாவிட்டால் மூன்று 'ஏ'யும் பல்கலைக்கழகத்துக்கு உதவாது.

ஐந்தாவது, பணம். மஹாபொல, பேசரி உதவிப்பணத்துக்குக் குடும்ப வருமான விபரத்தைச் சரியாகவும் உண்மையாகவும் கொடுங்கள். வெட்கப்பட்டு வருமானத்தைக் கூட்டிப் போட்ட வாப்பாவையும் கண்டிருக்கிறோம். குறைத்துப் போட்டவரையும் கண்டிருக்கிறோம். முதலாவது தன் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். இரண்டாவது இன்னொரு ஏழைப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

ஆறாவது, பெற்றோருக்கு. டொக்டர், எஞ்சினியர் தவிர வேறு எதுவும் கண்ணில் படாத நோய் எமது ஊரில் இருக்கிறது. கைநூலைத் திறந்து பாருங்கள். கதிரியக்கம், இயன்மருத்துவம், தாதியர், நில அளவை, மீன்பிடி, உணவு விஞ்ஞானம், மொழிபெயர்ப்பு, சட்டம் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. வாவிக் கரையில் பிறந்த எத்தனை பேருக்குக் கடற்றொழிலிலும் பட்டம் எடுக்கலாம் என்று தெரியும்?

இடம் கிடைக்காத பிள்ளைக்கும் ஒரு வார்த்தை. அது முடிவல்ல. தேசிய கல்வியியற் கல்லூரி மட்டக்களப்பிலும் அட்டாளைச்சேனையிலும் இருக்கிறது. உயர் தொழில்நுட்ப நிறுவகம் மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. இவற்றுக்கும் திகதி உண்டு, படிவம் உண்டு. பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை என்று அறைக்குள் படுத்திருக்கும்போது அந்தத் திகதிகள் போய்விடுகின்றன.

ஒரு மேசை போதும்

கடந்த சில வருடமாக நாங்கள் சில ஆசிரியர்கள், கைநூல் வந்த பிறகு அஸர் தொழுகை முடிய நூலகத்தில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்கிறோம். பிள்ளையும் உம்மாவும் வாப்பாவும் ஒன்றாக வர வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. பிள்ளை என்ன விரும்புகிறது என்று முதலில் பிள்ளையிடம் கேட்போம். பெற்றோர் பதில் சொல்ல வந்தால், "கொஞ்சம் பொறுங்க" என்போம். பிறகு கடந்த வருடங்களின் வெட்டுப்புள்ளியைப் பக்கத்தில் வைத்து, கடதாசியில் பென்சிலால் ஒழுங்கை எழுதுவோம். வீட்டுக்குக் கொண்டு போய் இரண்டு நாள் யோசிக்கச் சொல்வோம். அதற்குப் பிறகுதான் கணினி.

இதற்குப் பெரிய காசு தேவையில்லை. ஒவ்வொரு மஹல்லாவிலும் இப்போது பட்டதாரிகள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள் விடுமுறையில் வீட்டில் இருக்கிறார்கள். பள்ளிவாசல் நிருவாகம் ஒரு இடம் தந்தால் போதும். ஜும்ஆவில் ஒரு அறிவித்தல் போதும்.

எமது ஊர் எல்லையோடும் நின்றுவிட வேண்டாம். மாவட்டக் கணக்கில் பட்டணத்தின் பெரிய பாடசாலைப் பிள்ளையும், வாகரைப் பிள்ளையும், வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பிள்ளையும் ஒரே கோட்டில்தான் நிற்கிறார்கள். மண்முனையில் 2014ல் பாலம் திறக்கும் வரைக்கும் பாதையில் ஏறி வாவியைக் கடந்து வந்தவர்கள் அந்தப் பிள்ளைகள். சென்ற வருடம் எங்கள் மேசைக்குப் படுவான்கரையில் இருந்து ஒரு தமிழ் மாணவன் தன் அம்மாவோடு வந்தான். யாரோ ஒரு நண்பன் சொல்லி வந்ததாம். அந்த அம்மா ஒரு பை நிறைய கத்தரிக்காய் கொண்டு வந்திருந்தார். வேண்டாம் என்றோம், கேட்கவில்லை. விபுலானந்த அடிகளும் அஸீஸும் பேசிய கரை இது. அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க எங்களுக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

ஆரம்பத்தில் சொன்ன அந்த மாணவி இப்போது பட்டம் முடித்து விஞ்ஞான ஆசிரியையாக இருக்கிறார். சந்தோஷமாகத்தான் இருக்கிறார். போன தடவை நாங்கள் மேசை போட்டபோது அவரும் வந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். உயிரியல் பிரிவுப் பிள்ளைகள் வரும்போது அவர் முதலாவதாகச் சொன்னது ஒரு வசனம்தான்: "பக்கத்தில இருக்கிறத இல்ல தங்கச்சி, நீங்க விரும்புறத முதல்ல போடுங்க."

கேட்க வேண்டும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள் என்று அவருடைய வாப்பா அன்று கேட்டார். இனி எந்த வாப்பாவும் அப்படிக் கேட்கக் கூடாது. அதனால்தான் இந்தப் பதிவு. தேவைப்படுகிற ஒரு வீட்டுக்காவது இதை அனுப்பி வையுங்கள். உங்கள் பாடசாலையில், பள்ளிவாசலில், சங்கத்தில் மேசை போடுவதாக இருந்தால் சொல்லுங்கள், நாங்களும் வந்து அமர்கிறோம்.

அல்லாஹ் எமது பிள்ளைகளுக்கும் இந்த மண்ணின் எல்லாப் பிள்ளைகளுக்கும் பயன் தரும் கல்வியைத் தருவானாக. ஆமீன்.